உலகன்னான் பார்க்காத விரல்

உலகன்னானுக்குக் கண்தான் சோறு போட்டது. வியாழனும் சனியும் மூவாற்றுப்புழை சந்தையில் அன்னாசி ஏலம் விடுவது அவன் பிழைப்பு. அங்கே வாய் திறந்து விலை கேட்கிற ஆள் குறைவு. ஒருத்தன் புருவத்தைத் தூக்குவான். ஒருத்தன் பீடியை இந்தக் கடைவாயிலிருந்து அந்தக் கடைவாய்க்கு மாற்றுவான். அதெல்லாம் விலை. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்த சந்தையில் தலைகாட்ட முடியாது. இருபத்திரண்டு வருஷத்தில் அவன் ஒன்றையும் தவறவிட்டதில்லை.

அதனால்தான் ஊர் தேவாலயத்தின் பெருநாள் ஏலமும் அவன் கையில் இருந்தது. அதற்குக் கூலி கிடையாது. பூசை முடிந்ததும் முற்றத்தில் ஒரு பெஞ்சின் மேல் ஏறி நிற்பான். சனங்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த சேவல், நேந்திர வாழைக்குலை, முட்டை எல்லாம் ஒவ்வொன்றாகப் போகும். நாற்பது ரூபாய்ச் சாமானை நானூறுக்கு எடுத்துக்கொண்டு சிரித்தபடி வீட்டுக்குப் போவார்கள். நல்ல காரியத்துக்குத்தானே.

அந்த மே மாதம் ஏலப்பணம் முழுக்க விதவை ஏலியாம்மாவின் கூரைக்கு. கோடைமழைக் காற்று தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. பெருமழை இறங்க மூன்று வாரம்தான் பாக்கி.

கடைசியில் வந்தது ஒரு பலாப்பழம். ஐப்பச்சன் கொடுத்தது. குவைத்தில் இருந்து திரும்பியவன், கையில் காசு உள்ளவன். அந்தப் பலாமரம் அவன் அம்மா நட்டது. பாகம் பிரித்தபோது வேலி போட்டார்கள், மரம் ஐப்பச்சன் பக்கம் விழுந்தது. அன்றிலிருந்து தம்பி குருவிளா அண்ணனோடு பேசுவதில்லை. ஆறு வருஷம்.

"அம்மச்சி மரத்துப் பழம். நூறு ரூபா" என்று ஆரம்பித்தான் உலகன்னான்.

"ஐநூறு" என்றான் குருவிளா.

"ஆயிரம்." ஐப்பச்சன் தம்பியைப் பார்க்கவே இல்லை.

மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். மூவாயிரம் ஆயிற்று, ஆறாயிரம் ஆயிற்று. கூட்டத்தில் சிரிப்பு நின்றுபோனது. குருவிளா இப்போது வாயால் கேட்கவில்லை. வலது கை ஆள்காட்டி விரலை மார்புக்கு நேரே தூக்குவான், அவ்வளவுதான். ஒரு விரலுக்கு ஆயிரம்.

தேவாலயத்துக் கணக்கு வழக்குப் பார்க்கும் பவுலோச்சன் பெஞ்சுக்குக் கீழே வந்து நின்றார். "விடாத உலகன்னா, இழு. கூரையோட கக்கூஸும் கட்டிரலாம்."

போன வியாழக்கிழமை, சந்தைக்குப் பின்னால், வட்டிக்காரன் ஆட்கள் குருவிளாவின் லாரியை ஓட்டிக்கொண்டு போனதைப் பார்த்தவன் உலகன்னான் ஒருத்தன்தான். குருவிளா அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "ஊருக்குத் தெரிஞ்சா நான் இல்ல சேட்டா. அண்ணன் காதுக்குப் போகவே கூடாது." உலகன்னான் வாக்குக் கொடுத்திருந்தான்.

பதினெட்டாயிரம், குருவிளா விரல். பத்தொன்பதாயிரம், ஐப்பச்சன்.

பெண்கள் பக்கம் குருவிளாவின் மனைவி சோசம்மா நின்றிருந்தாள். கழுத்துச் சங்கிலியைக் கைக்குள் சுருட்டிப் பிடித்திருந்தாள். அவள் கும்பிடவில்லை, தலையசைக்கவில்லை. பெஞ்சின் மேல் நிற்பவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்தொன்பதாயிரம் ஒரு தரம்."

குருவிளா கையைக் கைலியில் துடைத்துக்கொண்டான்.

"பத்தொன்பதாயிரம் ரெண்டு தரம்."

விரல் எழுந்தது. வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. உலகன்னான் முகத்தைப் பலாப்பழத்தின் பக்கம் திருப்பிக்கொண்டு, மூச்சு விடாமல், "மூணு தரம். ஐப்பச்சனுக்கு" என்றான்.

"நான் விரல் தூக்கினேன்" என்றான் குருவிளா.

"பார்க்கலடா."

"எல்லாரும் பார்த்தாங்க. ஈ கண்ணடிச்சா வெல வைக்கிற ஆளு நீ, பார்க்கலையா?" குருவிளா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவன் முழங்கால் பக்கத்து வேட்டியைப் பிடித்தான். "அண்ணன் எவ்வளவு குடுத்தான் சேட்டா? சொல்லு. எவ்வளவுக்குக் கண்ணை வித்த?"

பவுலோச்சனுக்கும் பொறுக்கவில்லை. "திரும்பக் கேளு உலகன்னா. அவன் இருபது தரான்."

"மூணு தரம் சொன்னா சொன்னதுதான். பிஷப்பே வந்து சொன்னாலும் மாத்த முடியாது."

"அப்போ காசு வாங்கியிருக்க" என்றான் குருவிளா.

ஒரு வார்த்தை போதும், உலகன்னான் தப்பிவிடலாம். லாரி எங்கடா என்று கேட்டால் போதும். அந்த வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அவன் அதை விழுங்கினான்.

"காசெல்லாம் வாங்கல. எனக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்லடா. கொஞ்ச நாளாவே மங்கல்."

யாரோ பின்னாலிருந்து, "அப்போ வியாழக்கிழமை பனங்காயை அன்னாசின்னு வித்துருவாரு" என்றான். கூட்டம் சிரித்தது. குருவிளா வேட்டியை விட்டான். சோசம்மா சங்கிலியை விட்டாள். ஐப்பச்சன் பழத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு, யாரையும் பாராமல் நடந்தான்.

வியாழக்கிழமை சந்தையில் பாதிச் சரக்கு வேறொருத்தன் கைக்குப் போயிருந்தது. வியாபாரிகள் உலகன்னான் முன்னால் விலை சொல்லும்போது கையை ஆட்டி ஆட்டிக் காட்டினார்கள், குருடனுக்குக் காட்டுகிற மாதிரி. அடுத்த பெருநாளுக்கு வேறு ஆள் பார்ப்பதாகப் பவுலோச்சன் வீட்டுக்கே வந்து சொன்னார். போகும்போது இலவசக் கண் முகாமின் சீட்டு ஒன்றை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

முகாமில் டாக்டர் சுவரில் தொங்கிய எழுத்து அட்டையைக் கடைசி வரி வரைக்கும் படிக்கச் சொன்னார். உலகன்னான் படித்தான். அதற்குக் கீழே அச்சடித்தவன் பெயர் பொடி எழுத்தில் இருந்தது, அதையும் படித்தான்.

"என் கண்ணைவிட உம்ம கண்ணு தேவலை. எதுக்கய்யா வந்தீர்?"

"ஒரு கண்ணாடி எழுதிக் குடுங்க டாக்டர்."

"யாருக்கு?"

"ஊருக்கு."

ஜூன் பிறந்தது. ஏலியாம்மா வீட்டில் புதுத் தகரம் ஏறிய மூன்றாம் நாள் மழை இறங்கியது. உலகன்னான் பவர் இல்லாத வெறும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சந்தை முனையில் ஒதுங்கி நின்றான். எதிரே ஓர் ஆட்டோ வந்து நின்றது. இன்னொருத்தனுடைய ஆட்டோ, ஓட்டி வந்தவன் குருவிளா. லாரி போன கதை அதற்குள் வட்டிக்காரன் ஆட்கள் வாய் வழியே ஊருக்கே தெரிந்துவிட்டது. உலகன்னான் வாயிலிருந்து போகவில்லை என்பது குருவிளாவுக்கும் தெரியும்.

குருவிளா இறங்கவில்லை, அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு வலது கை ஆள்காட்டி விரலை மார்புக்கு நேரே தூக்கினான்.

"சேட்டா, இது தெரியுதா?"

உலகன்னான் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தான். திரும்பப் போட்டுக்கொண்டான்.

"தெரியலடா" என்றான்.

குருவிளா விரலை மடக்கிக்கொண்டான். பின்சீட்டில் கிடந்த ஈரச் சாக்கை எடுத்து ஓரமாகப் போட்டான்.

"ஏறு. கண்ணு தெரியாத ஆளு, மழையில எங்க போய் விழுவியோ."