வந்தவர்களுக்கு வைத்த தண்ணீர்

உப்புவெளியில் எங்கள் ஒழுங்கையில் கடலுக்குக் கிட்டவுள்ள கிணறுகளெல்லாம் சவர்; தண்ணீர் உப்புக் கரிக்கும். எங்களுடையதும் அப்படித்தான். குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம், பழகிய வாய் குடிக்கவும் செய்யும். ஆனால் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அதைக் கொடுக்க மாட்டோம். மாதா கோயில் கிணற்றிலிருந்து காலையில் ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவந்து, சமைக்கிற குசினி மூலையில் மூடி வைப்போம். வந்தவர்களுக்கு அதிலிருந்துதான்.

எழுபதுகளின் நடுப்பகுதி. பள்ளிக்கூடங்களில் புதிய பாடங்கள் வந்திருந்தன. ஏழாம் வகுப்பில் படித்த என் மகளுக்கு மட்டக்களப்பிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு ரீச்சர் படிப்பித்தார். அவர் பிள்ளைகளைப் பாடமாக்கச் சொல்வதில்லை. போய்ப் பார், கேள், உன்ர சொல்லில எழுது என்பார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். துறைமுகத்தில் பார்ஜ்களில் துரு சுரண்டிப் பெயின்ற் அடிக்கிற வேலை. என் காலத்தில் வாத்தியார் கேட்பார், நாங்கள் சொல்வோம். பிள்ளைகள் கேள்வி கேட்கிற வகுப்பு என்று மகள் சொன்னபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை.

அந்தப் பள்ளித் தவணையில் அவர்களுடைய வேலை எங்கள் பகுதிக் கிணறுகளைப் பற்றியது. வீடு வீடாகப் போய் எழுதினார்கள். கொப்பியில் இரண்டு பத்தி. ஒன்று வீட்டார் சொன்னது, மற்றது தாங்கள் குடித்துப் பார்த்தது. வீட்டார் சொன்ன பத்தியில் எல்லாமே நல்ல தண்ணீர்தான். தன் கிணற்றைச் சவர் என்று எவர் சொல்வார்? எங்கள் பக்கத்து வளவு அம்மா பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கட கிணறு சவரோ? உங்கட நாக்கைப் போய்க் கழுவிக்கொண்டு வாங்கோ."

அதையும் அப்படியே எழுதியிருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ரீச்சரும் ஐந்து பிள்ளைகளும். எழுதுகிறது என் மகளின் பொறுப்பு. படித்த ஒரு பெண் என் வீட்டு வாசலில் நிற்கிறார் என்றதுமே எனக்குக் கை கால் ஓடவில்லை. கதிரையைத் துடைத்துப் போட்டேன்.

"இருக்க நேரமில்லை அண்ணை. தண்ணி கொஞ்சம் தாங்கோ, பிள்ளையள் குடிச்சுப் பாக்கட்டும்."

வந்தவர்கள் தண்ணீர் கேட்டால் கை எங்கே போகும்? குசினிக்குள் போய், மூடியைத் திறந்து, செம்பில் எடுத்துவந்து கொடுத்தேன். ஒவ்வொருவராகக் குடித்தார்கள். கடைசியாகக் குடித்த சுருட்டைத் தலைப் பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"மாமா, உங்கட கிணத்துக்கு ஆர் சீனி போட்டது?"

அப்போதுதான் நான் செய்தது எனக்கு விளங்கியது. மகள் கொப்பியோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு சொல் போதும். ரீச்சர் என்ன நினைப்பார் என்று வெறுஞ்செம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். நல்ல தண்ணீர் என்று மகள் எழுதினாள்.

அன்றிரவு சாப்பிடும்போது, "நீங்கள் சொல்லுங்கோ அப்பா," என்றாள். "நான் சொன்னா உங்களைப் பொய்க்காரன் எண்டுவினம்."

"திங்கட்கிழமை வந்து சொல்லுறன்," என்றேன்.

திங்கட்கிழமை போகவில்லை. அதற்குள் வகுப்பில் கிணறுகளைக் குறித்துப் படம் கீறி விட்டார்கள். கடலோரம் முழுக்கச் சவர், நடுவில் எங்கள் கிணறு மட்டும் நல்ல தண்ணீர். அது ஏன் என்று கண்டுபிடிப்பதுதான் இனி வேலை என்று ரீச்சர் சொல்லிவிட்டார். பிள்ளைகள் கயிறும் முழக்கோலுமாக வந்து ஆழம் அளந்தார்கள். கிணறு வெட்டியது யார், கல் எங்கிருந்து வந்தது, முருங்கை எப்போது நட்டது என்றெல்லாம் கேட்டார்கள்.

"கீழால வெள்ளைக்காரன்ட நேவிப் பைப் போகுதாக்கும். அதில ஓட்டை," என்றான் சுருட்டைத் தலையன்.

"பைப் ஓட்டையெண்டா உன்ர வாயைப் போல ஓயாமல் ஓடும்," என்றாள் ஒருத்தி.

நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கேட்டதற்கெல்லாம் உண்மையைத்தான் சொன்னேன். கேட்காத அந்த ஒன்றைத்தான் சொல்ல முடியவில்லை.

இரண்டு கிழமை இப்படியே போய், பதினைந்தாம் நாள் அரைநாள் லீவு போட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வழியெல்லாம் சைக்கிளில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ரீச்சர் மரத்தின் கீழே கொப்பி திருத்திக்கொண்டிருந்தார்.

"நல்ல நேரம் வந்தியள் அண்ணை. உங்கட கிணறு இல்லாட்டி இந்தப் பிள்ளையள் இவ்வளவு கேட்டிருக்காதுகள்." பிறகு ஒரு கொப்பியை எடுத்தார். "ஒரு விசயம். ஒவ்வொரு கிழமையும் வீட்டில நடந்ததை எழுதச் சொல்லுறனான். உங்கட மகள் ரெண்டு பக்கம் எழுதுவாள், வாசிச்சா சிரிப்பும் வரும். இப்ப மூண்டு வரி. எழும்பினன், சாப்பிட்டன், படுத்தன். வீட்டில ஏதும் பிரச்சினையோ?"

வகுப்பு யன்னலில் மகள் நின்றாள். நான் வந்ததன் காரணம் அவளுக்குத் தெரியும்.

"ஒண்டுமில்லை ரீச்சர்," என்றேன். "அவள் எப்பிடிப் படிக்கிறாள் எண்டு கேக்க வந்தனான்."

திரும்பிப் பார்த்தபோது யன்னலில் ஆளில்லை.  அன்றிரவு வீட்டில் மனைவி, "அந்தக் குடத்தை நாளைக்கே தூக்கி எறியிறன்," என்று சத்தம் போட்டாள்.

தவணை முடிவில் கண்காட்சி. ஒவ்வொரு கிணற்றிலிருந்தும் ஒரு போத்தல் தண்ணீர் வைக்க வேண்டுமாம். இந்த முறை பிள்ளைகள் தங்கள் கைவாளியோடு வந்து தாங்களே அள்ளினார்கள். நான் தடுக்கவில்லை. இனித் தானாகவே தெரிந்துவிடும், நான் வாய் திறக்க வேண்டியதில்லை என்று ஒரு ஆறுதல்கூட வந்தது.

சுருட்டைத் தலையன் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"சவர்."

"போத்திலைக் கழுவினனியோ?"

"மூண்டு தரம் கழுவினனான்."

எல்லோரும் வாளியிலிருந்தே குடித்துப் பார்த்தார்கள். என்னைச் சந்தேகிக்க அவர்களுக்குத் தோன்றவேயில்லை. தோழியின் அப்பா என்னத்துக்குப் பொய் சொல்லப்போகிறார்?

"மாமா, இது எப்ப தொடங்கினது?"

முதலிலிருந்தே. அவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. மகள் பென்சிலைக் கொப்பியில் வைத்தபடி காத்திருந்தாள். நான் வாளித் தண்ணீர் அசைவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் முகத்தைப் பார்த்த இன்னொரு பிள்ளை, பாவப்பட்டு எனக்குக் கைகொடுத்தது.

"மழை இல்லைத்தானே மாமா. அதால மாறியிருக்குமோ?"

"ஓம்," என்றேன்.

எழுதியதைச் சொன்னவருக்கே வாசித்துக் காட்டிச் சரிபார்க்க வேண்டும் என்பது ரீச்சரின் கட்டளையாம். மகள் எழுந்து நின்று வாசித்தாள்.

"முன்பு நல்ல தண்ணீர். மழை இல்லாதபடியால் சவராக மாறியது. வீட்டுக்காரர் சொன்னார்."

பிறகு கேட்டாள், "சரியோ?"

அப்பா என்று சேர்த்துக் கேட்கவில்லை.

"சரி."

பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். இத்தனை நாள் தேடிய கேள்வி முடிந்துவிட்டது. போத்தலை நிரப்பி மூடினார்கள். மகள் கொப்பியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "வாங்கோ, மற்ற வளவுக்குப் போவம்," என்று எல்லோருக்கும் முன்னால் படலையைத் திறந்துகொண்டு போனாள்.