கொக்கியக்காவின் புழு

மீன் ஆய்வுக்கூடத்தில் காவலாளி முதல் பேராசிரியர் வரை எல்லோருக்கும் அவள் கொக்கியக்கா. மீனின் செவுளில் ஒட்டி வாழும் தட்டைப்புழுக்களின் கொக்கிகளை எண்ணி எண்ணியே அந்தப் பட்டம் வந்தது. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத புழு. அதன் பின்பக்கத்தில் ஒரு தட்டு, தட்டில் கொக்கிகள். பெரிய கொக்கி ஒரு ஜோடி இருந்தால் ஒரு குடும்பம், இரண்டு ஜோடி இருந்தால் வேறு குடும்பம். கொக்கியைவிடக் கிடுக்கி மாதிரிக் கவ்விகளை நம்பி வாழ்பவை இன்னொரு வம்சம், கடல்மீன்களில்தான் அதிகம். முட்டையிடுகிறவை உண்டு. குட்டி போடுகிறவையும் உண்டு, அவற்றில் தாய் வயிற்றில் மகள் இருக்கும்போதே மகள் வயிற்றில் பேத்தி தயாராக இருப்பாள். "மாமியார், மருமக சண்டையே கிடையாது, வம்சமே ஒரே வயித்துக்குள்ள" என்பாள் கொக்கியக்கா.

அவள் அங்கே வந்தது பாட்டில் கழுவ. பத்தாவதோடு படிப்பு நின்றிருந்தது. ஒருநாள் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் வரிசையாக ஐந்து புழுக்களை நாசம் செய்ததைப் பார்த்துப் பொறுக்க முடியாமல், "சார், அது மூட்டைப்பூச்சி இல்ல. இப்படி நசுக்கினா என்ன மிஞ்சும்? நான் ஒண்ணு வச்சுப் பாக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டாள். கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு திரவம், அதில் புழு, மேலே தாளைப் போன்ற மெல்லிய மூடுகண்ணாடி. பிறகு கட்டைவிரலால் ஒரே ஓர் அழுத்து. குறைவாக அழுத்தினால் புழு உருண்டு கிடக்கும், கொக்கிகள் ஒன்றின் பின் ஒன்று ஒளிந்துகொள்ளும். கூடுதலாக அழுத்தினால் எல்லாம் விலகி, உள்ளது ஒன்று, தெரிவது ஒன்று என்றாகிவிடும். அவள் அழுத்திய முதல் புழுவே பாடப் புத்தகத்துப் படம் போலப் படிந்தது. அன்றோடு பாட்டில் கழுவ வேறு ஆள் வந்தார்.

இது நடந்து இருபத்து மூன்று வருடமாகிறது. கூடத்து மர அலமாரியில் உள்ள பதினோராயிரம் சில்லுகளில் முக்கால்வாசி அவள் கைவேலை. கை சுத்தம் என்றால் அப்படியொரு சுத்தம். அவளுக்கும் அது தெரியும், தெரியாதது போல நடிக்கிற பழக்கமெல்லாம் அவளிடம் கிடையாது.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால், கெண்டை மீன் ஒன்றின் செவுளிலிருந்து அவள் எடுத்து வைத்த ஒன்பது சில்லுகளைப் பார்த்துப் பேராசிரியர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அந்த மீனில் வழக்கமாக இருக்கும் புழுவுக்கு இரண்டு பெரிய கொக்கிகளையும் இணைக்கும் குச்சி நேராக இருக்கும். இவற்றில் நடுவில் நன்றாக வளைந்திருந்தது. கொக்கியின் அடியும் அகலம். புது இனம் என்று எழுதி, அதற்கு அவள் பெயரையே வைத்தார். லத்தீன் வால் ஒன்று ஒட்டியிருந்தாலும் பெயர் அவளுடையதுதான்.

படச்சட்டம் போடும் கடை வைத்திருந்த அவள் கணவர், புழுவின் படத்தோடு அந்தப் பெயர் அச்சான பக்கத்துக்குத் தேக்குச் சட்டம் போட்டு, கல்யாணப் படங்களுக்கு நடுவே கடையில் மாட்டிவிட்டார். வருகிறவர்களிடமெல்லாம், "இது எங்க வீட்டம்மா பேரு" என்று சொல்லாமல் விடமாட்டார். நாத்தனார் மட்டும், "ஏன் அண்ணி, ஒரு பூவுக்கு, பறவைக்கு வைக்கக் கூடாதா? புழுதான் கெடைச்சுதா?" என்று சிரித்தாள். கொக்கியக்காவும் சிரித்தாள். ஆனால் உள்ளுக்குள் பூரித்துப்போயிருந்தாள். உலகத்தில் எந்த மூலையில் யார் இந்தப் புழுக்களைப் பட்டியல் போட்டாலும், தன் பெயரை ஒரு வரியில் எழுதித்தான் ஆக வேண்டும். அவளுக்குச் சொத்து என்று இருந்தது அந்த ஒரு வரிதான்.

இந்த வருடம் பேராசிரியர் நாட்டின் நன்னீர் மீன்களில் வாழும் தட்டைப்புழுக்கள் அத்தனைக்கும் ஒரு பெரிய பட்டியல் நூல் தயாரிக்க ஆரம்பித்தார். அப்போது பார்த்து வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் ஆய்வாளரின் கடிதம் வந்தது. அதே கெண்டையில் நானூறு மீன்களை அறுத்துப் பார்த்தும் அந்த வளைந்த குச்சிப் புழு கிடைக்கவில்லை, தயவுசெய்து மறுபடி தேடிப் பார்க்க முடியுமா என்று மரியாதையாகத்தான் கேட்டிருந்தார்.

"தேடத் தெரியலைன்னு சொல்லுங்க சார்" என்றாள் கொக்கியக்கா. "நான் எடுத்துக் காட்டுறேன்."

ஆறு வாரம். நூற்று அறுபது கெண்டை. செவுளின் ஒவ்வொரு வளைவையும் தனித்தனியாக வெட்டி, மெல்லிய தூரிகையால் அலசிப் பார்த்தாள். ஒரே மீனில் ஐந்து வகைப் புழுக்கள் அவரவர் மூலையில் குடித்தனம் நடத்துவதைக்கூடப் பார்த்தாள். நேர்க்குச்சிப் புழு ஆயிரக்கணக்கில் இருந்தது. அவளுடைய புழு ஒன்றுகூட இல்லை.

சரி, பழைய சில்லுகளையே இன்னொரு தடவை பார்ப்போம் என்று ஒரு காலையில் ஒன்பதையும் எடுத்து வைத்துக்கொண்டாள். கொக்கிகளை விட்டுவிட்டு, சில்லின் ஓரங்களைப் பார்த்தாள். மூன்றாவது சில்லில் மூடுகண்ணாடியின் விளிம்பில் ஒரு வெள்ளைப் பஞ்சு நூல் சிக்கியிருந்தது. ஐந்தாவதிலும் இருந்தது. ஏழாவதிலும் இருந்தது.

தன் சில்லில் பஞ்சா? அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பிறகு வலது கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தாள். பழைய தழும்பு ஒன்று இருந்தது. இந்த ஒன்பது சில்லுகளையும் செய்த வாரம் மீனின் முள் ஒன்று விரலில் ஆழமாக ஏறி, மருந்துக் கடைக்காரர் தடிமனாகக் கட்டுப் போட்டுவிட்டார். விடுப்பு எடுக்கச் சொன்னதற்கு, "விரல்ல கட்டுதானே, கையா போச்சு?" என்று வேலைக்கு வந்தவள் அவள்தான். கட்டுக்குள் இருந்த விரலுக்கு அழுத்தம் தெரிந்திருக்காது, கூடுதலாகவே அழுத்தியிருக்கும்.

மருந்துப் பெட்டியிலிருந்து பஞ்சும் துணியும் எடுத்து விரலில் அதே மாதிரி சுற்றிக்கொண்டாள். நேர்க்குச்சிப் புழு ஒன்றை எடுத்து வைத்து அழுத்தினாள். நுண்ணோக்கியில் பார்த்தாள். சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருந்த படத்தில் இருந்தது போலவே, குச்சி நடுவில் வளைந்து, கொக்கியின் அடி அகன்று, அவள் பெயர் கொண்ட புழு படுத்துக் கிடந்தது. இன்னும் நான்கு புழுக்களை அழுத்தினாள். நான்கும் அதே மாதிரி வந்தன.

அவளைத் தவிர இதைக் கண்டுபிடிக்க ஆளில்லை. ஒரு பஞ்சு நூலைப் பார்த்து வேறு யார் என்ன நினைப்பார்கள்? அன்று மத்தியானச் சாப்பாடு அவளுக்கு இறங்கவில்லை. சாப்பாட்டுப் பெட்டியை அப்படியே மூடி வைத்துவிட்டுப் பேராசிரியர் அறைக்குப் போனாள்.

அவர் எல்லாவற்றையும் கேட்டார். வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"அக்கா, பன்னெண்டு வருஷமா நிக்கிற பேரு இது" என்றார் கடைசியில். "அரிதானதுன்னு ஒரு வார்த்தை போட்டு விட்டுடலாம். யாரும் தோண்ட மாட்டாங்க."

"தோண்டித்தானே கடுதாசி வந்திருக்கு?"

"உங்க பேரு செல்லாத பேராயிடும். நேர்க்குச்சிப் புழுவுக்குக் கீழ, தப்பா வச்ச பேருன்னு பொடி எழுத்துல கெடக்கும். பரவாயில்லையா?"

"பரவாயில்லன்னு யாரு சொன்னா? வலிக்குது சார்" என்றாள். ஆனாலும் நிறுத்தவில்லை. "ஆனா அந்தம்மா இன்னும் நானூறு மீன அறுப்பாங்க. அவங்களுக்கு அப்புறம் வேற ஒருத்தர் அறுப்பாங்க. என் விரல் பண்ணின கூத்துக்கு ஊர்ல இருக்கிற கெண்டையெல்லாம் ஏன் சாகணும்? எழுதுங்க. கட்டு போட்டது, பஞ்சு இருந்தது, எல்லாத்தையும் எழுதுங்க. அழுத்தினது யாருன்னும் எழுதுங்க."

அவர் எழுதினார். கட்டுரையில் தன் பெயருக்கு முன்னால் அவள் பெயரைப் போட்டார், நிரூபித்தவர் பெயர்தான் முதலில் வர வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். வீட்டில் கணவர் விஷயத்தை முழுசாகக் கேட்டுக்கொண்டார். "அப்ப இத்தன நாளா நான் கஸ்டமர்கிட்ட அளந்ததெல்லாம்?" என்றார். "அளந்தது அளந்ததுதான். நாளைலேர்ந்து அளக்காதீங்க" என்றாள். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்குக் கூடவே அழுகையும் வந்தது.

நான்கு மாதம் கழித்து அதே வெளிநாட்டு ஆய்வாளரிடமிருந்து ஒரு மரப்பெட்டி வந்தது. பஞ்சில் பொதிந்த பன்னிரண்டு சில்லுகள், அழுத்தாத புழுக்கள் கிடந்த ஒரு சின்னக் குப்பி. கூடவே கடிதம். பேராசிரியர் அதைத் தமிழில் சொன்னார்: "உங்க ரெண்டு பேர் கட்டுரையைப் படிச்சதுலேர்ந்து அவங்களுக்குத் தூக்கமே இல்லையாம். இந்தப் பெட்டியில இருக்கிற இனத்துக்கு அவங்க அம்மா பேர வச்சிருக்காங்க. அம்மா இப்ப இல்ல. இதுவும் அழுத்தினதால வந்த வித்தியாசமான்னு உங்களத்தான் பாத்துச் சொல்லச் சொல்றாங்க. நீங்க என்ன சொன்னாலும் ஏத்துக்கிறாங்களாம்."

கொக்கியக்கா மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். முதல் சில்லைப் பார்த்ததுமே, கொஞ்சம் கூடுதலாக அழுத்தப்பட்டது என்று தெரிந்துவிட்டது. இதுவும் போச்சு என்று நினைத்தாள். அப்படி நினைத்தபோது மனசின் ஒரு மூலையில் சின்னதாக ஒரு திருப்தி எட்டிப் பார்த்தது, அதற்காக வெட்கப்பட்டாள். குப்பியிலிருந்து ஒரு புழுவை எடுத்து, பட்டும் படாமலும் அழுத்தினாள். இன்னொன்றை அழுத்தவே இல்லை, அப்படியே திரவத்தில் மிதக்கவிட்டுப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். எந்தப் பக்கம் புரட்டினாலும் கொக்கியின் நுனி உள்பக்கமாகவே மடங்கியிருந்தது. கூடத்து அலமாரியிலிருந்த நெருங்கிய இனங்கள் அத்தனையோடும் ஒப்பிட்டாள். அவற்றில் ஒன்றுக்குக்கூட அப்படி இல்லை.

அவளுக்கு வயிறு எரிந்தது. யாரோ ஒரு பெண்ணின் அம்மாவுக்குக் கிடைத்தது தனக்கு இல்லாமல் போய்விட்டதே என்று, ஒளிக்காமல் சொன்னால், நன்றாகவே எரிந்தது. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பேராசிரியர் அறைக் கதவைத் தட்டினாள்.

"பதில் எழுதுங்க சார்" என்றாள். "முதல் சில்லுல கை கொஞ்சம் பலமா விழுந்திருக்கு, இனிமே பாத்து அழுத்தச் சொல்லுங்க. ஆனா புழு நிஜம். அவங்க அம்மா பேரு நிக்கும். நான் சொன்னேன்னு எழுதுங்க, தூங்கட்டும்."