கப்பலின் வலப்பக்கம்

என் தங்கையின் கணவர் பிரெஞ்சுக் கடற்படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். கைப்பேசி எங்கள் வீடுகளுக்குள் நுழையத் தொடங்கிய அந்த ஆண்டுகளில், நெல்லித்தோப்பு வீட்டு மாடியில் முழ நீள மாதிரிப் போர்க்கப்பல் ஒன்றைத் துண்டு துண்டாக ஒட்டிக்கொண்டிருந்தார். அதற்கு உருமறைப்பு வண்ணம் தீட்டுவது என் வேலை. ஒரு பூச்சு காய்வதற்குள் திருப்பதிகம் ஒன்றை ஓதி முடிப்பேன். பிறகே அடுத்த பூச்சு.

இடப்பக்கம் முடிந்தபின் வலப்பக்கத்தையும் அதேபோல் தீட்டினேன். கோயில் வாகனங்களுக்கு வண்ணம் பூசிப் பழகிய கை. குதிரையின் ஒரு கண்ணைப் போலத்தானே மறுகண்ணும் இருக்க வேண்டும். முடித்த பிறகே வரைபடத்தைப் பார்த்தேன். பகைவனைக் குழப்புவதற்காக அதில் இரு பக்கமும் வெவ்வேறாக இருந்தன.

மயிரிழை பிசகினாலும் மறுபடி தேய்க்கச் சொல்பவர் அவர். கப்பலைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பிரமாதம் மச்சான். ரெண்டு பக்கமும் வேற வேறயா, படத்துல இருக்கிற மாதிரியே புடிச்சிட்டீங்க.”

சாம்பல் நிறப் புட்டியை நீட்டி, “இது நீலமா மாப்ளே?” என்றேன்.

“நீலந்தான். ஏன், உங்க சாமி கழுத்து மாதிரி வேணுமா?”

நான் சிரிக்கவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது.

“ஆறு மாசமா எதைப் பார்த்தாலும் நடுவுல ஒரே பொகை. உங்க தங்கச்சிகிட்ட சொல்லிடாதீங்க. டாக்டரு வண்டி ஓட்டாதம்பான். பொறவு நான் மூலையில உக்கார வேண்டியதுதான்.”

தலையசைத்தால் தெரியாதே என்று, சொல்லமாட்டேன் என வாய்விட்டே சொன்னேன்.

வெள்ளிதோறும் தங்கையை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு அரியாங்குப்பம் பாலம் கடந்து கோயிலுக்குப் போவார். அதற்கடுத்த இரண்டு வெள்ளிகளிலும் நான் ஓதத் தொடங்கிய பதிகம் நடுவிலேயே அறுந்தது. பாலத்தில் எதிர்வரும் பேருந்துகளே கண்முன் நின்றன. வீடு திரும்பியதாக அவள் அழைக்கும்வரை கைப்பேசியைக் கீழே வைக்கவில்லை.

மூன்றாம் வெள்ளி அவர்கள் வாசலுக்கே போய் நின்றேன். அவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். தங்கை பின்னால் ஏறியிருந்தாள்.

“இறங்கும்மா,” என்றேன்.

“ஏண்ணே? நேரமாவுது.”

“உன் வீட்டுக்காரருக்குக் கண்ணு சரியாத் தெரியல. ஆறு மாசமா.”

அவள் முதலில் சிரித்தாள். பிறகு அவர் முதுகைப் பார்த்தாள். அவர் மறுக்கவுமில்லை, திரும்பவுமில்லை. வண்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. மெல்ல இறங்கி வந்து சாவியைத் திருகி எடுத்துக்கொண்டாள்.

அவர் கைகள் கைப்பிடியை விடவில்லை.

“மச்சான்,” என்றார், தெருவைப் பார்த்தபடியே. “இனிமே மாடிக்கு வராதீங்க.”