பட்டியலில் இல்லாத எண்

வீரராகவனின் சேக்காட்டு வீட்டுக்கு எழிலரசி வந்தது 2024 ஜூன் 14, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதே கால் மணிக்கு. தண்ணீர் மோட்டார் போட்ட நேரத்தை டைரியில் எழுதிவிட்டு அவர் நிமிர்ந்தபோது, நாற்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்ற யோசனையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஸ்டேஷன் மாஸ்டர் சார் வீடுதானே? நான் கேட்மேன் சம்பந்தத்தோட பொண்ணு."

வீரராகவன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பதினான்கு வருஷம் ஆகிறது. சம்பந்தத்தைப் பார்த்தே ஏழு வருஷம் இருக்கும். அந்தப் பெயரைக் கேட்டதும் அவர் முதலில் பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டார். அப்புறம்தான் "உள்ளே வாம்மா" என்றார்.

சம்பந்தம் 1957இல் வெள்ளானூரில் பிறந்தவர். பயிர்வைத்துப் பிழைத்த குடும்பம். நான்கு அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்ட பிறகு அவர் பங்குக்கு வந்த நிலத்தில் ஒரு மாட்டைக்கூடக் கட்ட முடியாது. 1979இல் தண்டவாள வேலைக்குச் சேர்ந்தார். 1988இல் கேட்டுக்கு மாற்றினார்கள். ஊருக்கு வெளியே ஒற்றைப் பாதை ஒன்றில் இருபத்தொன்பதாம் நம்பர் கேட். அதை அடுத்த சின்ன ஸ்டேஷனில் வீரராகவன் ஸ்டேஷன் மாஸ்டர். ஸ்டேஷனின் பெயர் இங்கே வேண்டாம். இப்போது அந்த இடத்தில் கேட்டும் இல்லை, மேம்பாலம் இருக்கிறது.

சம்பந்தம் யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். மூடின கேட்டுக்கு முன்னால் ஹாரன் அடிக்கும் லாரிக்காரனைப் பார்த்து, "இன்னா அண்ணாத்தே, அவசரமா போவணுமா? மேலயா?" என்று கையை வானத்துக்குக் காட்டுவார். லாரிக்காரனே சிரித்துவிடுவான். 2017இல் ஓய்வு பெற்றார். அண்ணனூரில் ரயில் பாதையிலிருந்து இரண்டாவது தெருவில் வீடு கட்டினார். வண்டிச் சத்தம் கேட்காவிட்டால் தூக்கம் வராது என்று அந்த இடத்தைத் தேடி வாங்கினார். மனைவி இறந்தபின் எழிலரசி தன் கணவனோடு அங்கேயே வந்துவிட்டாள்.

"மூணு வருஷமா மறதி சார். மொதல்ல ரேஷன் கடைக்கு வழி மறந்துச்சு. இப்ப என்னையே, 'நீ யார் ஊட்டுப் பொண்ணும்மா'ன்னு கேக்கறாரு. அது பரவால்ல. ரயில் ஷெட்டுலருந்து வண்டி ஹாரன் அடிச்சா எழுந்து ஓடறாரு. கேட்டு போடணுமாம். ரெண்டு தடவை தண்டவாளத்துகிட்டேருந்து இழுத்துட்டு வந்தோம். நீங்க ரிடையர் ஆயிட்டீங்கப்பான்னா அடிக்க வராரு."

"டாக்டர் என்ன சொல்றார்?"

"மறுத்துப் பேசாதீங்க, கேள்வி கேட்டு சோதிக்காதீங்க, அவர் எந்த எடத்துல இருக்காரோ அங்க நீங்க போங்கன்னாரு. அந்த எடம் எனக்குத் தெரியாது சார். உங்களுக்குத்தான் தெரியும்."

உள்ளேயிருந்து காபியோடு வந்த தாட்சாயிணி, "இவருக்கு அந்த இடம் மட்டும்தான் தெரியும்" என்றாள். நாற்பத்தாறு வருஷம் வீரராகவனோடு குடித்தனம் நடத்தியவள்.

யோசனை எழிலரசியுடையதுதான். தினமும் வீரராகவன் போனில் கூப்பிட வேண்டும். அந்தக் காலத்தில் கூப்பிட்டது போலவே.

அந்தக் கேட்டுக்கும் சிக்னலுக்கும் இணைப்புக் கிடையாது. கேட் திறந்திருந்தாலும் வண்டி போக சிக்னல் விழும். நடுவில் இருந்தது ஒரு போனும் கேட்மேனின் வாக்கும்தான். ஸ்டேஷன் மாஸ்டர் கூப்பிட்டு "கேட் போடு" என்பார். கேட்மேன் கைப்பிடியைச் சுற்றிக் கேட்டை இறக்கிப் பூட்டிவிட்டு வந்து, தன்னிடமுள்ள பட்டியலிலிருந்து ஒரு இரண்டு இலக்க எண்ணைச் சொல்வார். பிரைவேட் நம்பர். கேட் மூடியாகிவிட்டது என்பதற்கு அந்த எண்தான் சத்தியம். ஒரு எண்ணை ஒருமுறை சொன்னால் அடித்துவிட வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர் அதை நேரத்தோடு எழுதிக்கொண்டு சிக்னல் கொடுப்பார்.

எழிலரசி போனபின் வீரராகவன் சம்பந்தத்துக்கு ஒரு பட்டியல் எழுதினார். பத்திலிருந்து தொண்ணூற்றொன்பதுவரை எண்களைக் கலைத்துக் கலைத்து, முத்து முத்தாக. எழுதி முடித்து எண்ணிப் பார்த்தார். தொண்ணூறு இருக்க வேண்டும். எண்பத்தொன்பதுதான் இருந்தது. எது விட்டுப்போனது என்று அவர் தேடவில்லை. தாளை மடித்து உறையில் போட்டு, அன்று மாலையே எழிலரசிக்குக் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் காலை பத்து நாற்பதுக்கு முதல் அழைப்பு.

"இருபத்தொன்பதா?"

எதிர்முனையில் ஒரு மூச்சு. பிறகு, ஏழு வருஷம் கேட்காத குரல், கொஞ்சமும் மாறாமல் வந்தது. "இருபத்தொன்பது, சம்பந்தம் பேசறேன் சார்."

"வண்டி வருது. கேட் போடு."

"போடறேன் சார்."

வீரராகவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்முனையில் செருப்புச் சத்தம், இரும்புக் கேட்டின் கிறீச், சங்கிலி. ஐம்பத்திரண்டு விநாடி. "போட்டாச்சு சார். நம்பர் நாப்பத்தி நாலு."

"நாப்பத்தி நாலு. பத்து நாற்பத்தொண்ணு."

பத்து நிமிஷம் கழித்து மறுபடி கூப்பிட்டார். "வண்டி போயிடுச்சு சம்பந்தம். அடுத்த வண்டி பின்னாலேயே இருக்கு, கேட் மூடியே இருக்கட்டும். நீ சாப்பிடு."

"ஆவட்டும் சார்."

அன்றைக்கு அப்பா நான்கு இட்லி சாப்பிட்டதாக எழிலரசி சாயங்காலம் போன் பண்ணி அழுதாள். தன் வீட்டுக் கேட்டைத் தானே பூட்டிவிட்டு, காவலுக்கு உட்கார்ந்திருக்கிறாராம். ஹாரன் அடித்தால் தலையை ஆட்டுகிறாராம், மூடித்தான் இருக்கிறது என்பது போல.

வீரராகவன் இதற்கென்று ஒரு நோட்டுப் போட்டார். மூன்று பத்தி: கூப்பிட்ட நேரம், எண், வண்டி கடந்த நேரம். எட்டு மாதம் ஒரு நாள் தவறவில்லை. சம்பந்தம் பட்டியலின் எட்டாவது எண்ணைச் சொன்னாலும் எண்பதாவதைச் சொன்னாலும் ஒழுங்காக அடித்துக்கொண்டே வந்தார். மகளின் பெயர் தெரியாத மனிதர். தாட்சாயிணி மட்டும், "கட்டினவகிட்ட நாளைக்கு நாலு வார்த்தை, கேட்மேன்கிட்ட நாப்பது" என்று முணுமுணுத்தாள். மூன்றாவது பட்டியல் நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் பழையதைப் பார்த்தே புதியதை எழுதினார். ஒவ்வொன்றிலும் எண்பத்தொன்பது எண்கள்.

2025 பிப்ரவரி 18, செவ்வாய்க்கிழமை.

"இருபத்தொன்பதா? வண்டி வருது. கேட் போடு."

செருப்புச் சத்தம் கேட்கவில்லை. சங்கிலிச் சத்தமும் இல்லை.

"போட்டாச்சு சார். எண்பத்தாறு."

ஆறு விநாடி.

வீரராகவனின் பேனா தாளில் ஊன்றியபடியே நின்றது. மை ஊறி ஒரு பொட்டு விழுந்தது. பிறகு அவர் குரல், அவர் சொல்லாமலே, "எண்பத்தாறு. பத்து நாற்பது" என்றது.

ஐந்தாவது நிமிஷம் எழிலரசி கூப்பிட்டாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. "போனை வெச்சதும் ஓடிட்டார் சார். தெருமுனையில போய்ப் பிடிச்சேன். 'தொறந்து கீது, தொறந்து கீது'ன்னே சொல்லிட்டிருக்காரு. எண்பத்தாறுன்னு உங்க பட்டியல்ல இல்லவே இல்லையே சார். எங்கேருந்து வந்துச்சு?"

"ஏதோ பழைய ஞாபகமா இருக்கும்மா" என்றார் வீரராகவன்.

புதன்கிழமையும் எண்பத்தாறு. வியாழக்கிழமையும். வெள்ளிக்கிழமை அவர் 'வண்டி வருது' என்று சொல்வதற்கு முன்பே எண்பத்தாறு. அன்றைக்குச் சம்பந்தத்தைப் பிடித்தது தெருமுனையில் அல்ல, பாதைக்கு இந்தப் பக்கம் இருக்கும் சுவரின் உடைசலில். கால் ஒன்று அந்தப் பக்கம் போய்விட்டிருந்தது.

"இனிமே என்னால ஆகாது சார்" என்றாள் எழிலரசி. "கட்டிதான் போடணும். இல்லன்னா எங்கியாவது கொண்டுபோய் விடணும். நீங்க கூப்பிட்டா நல்லா இருந்துச்சு. இப்ப நீங்க கூப்பிட்டாதான் ஓடறாரு. அந்த நம்பர் என்னன்னு உங்களுக்குத் தெரியாதா சார்?"

வீரராகவன் போனை வைத்துவிட்டு அலமாரியில் மேல்தட்டிலிருந்து 1994ஆம் வருஷ டைரியை எடுத்தார். எந்தப் பக்கம் என்று தேட வேண்டியிருக்கவில்லை.

நவம்பர் 8, செவ்வாய். மழை. கூட்ஸ் வண்டி ஒன்று சிக்னலுக்கு வெளியே நாற்பது நிமிஷமாக நின்றிருந்தது. கன்ட்ரோல் ரூமிலிருந்து மூன்று தடவை ஏசிவிட்டார்கள். மாலை நான்கு இருபதுக்குக் கேட்டைக் கூப்பிட்டார். ஆறு விநாடியில் பதில் வந்தது. எண்பத்தாறு. அந்தக் கேட்டை எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் இறங்க நாற்பத்தைந்து விநாடி ஆகும் என்பது வீரராகவனுக்குத் தெரியும். மழையில் நனையாமல் அறைக்குள் இருந்தபடியே சம்பந்தம் எண்ணைச் சொல்லிவிட்டான், இனிமேல்தான் எழுந்து போவான். அதுவும் தெரியும். வண்டி கேட்டுக்கு வர இரண்டு நிமிஷம் இருக்கிறது, போட்டுவிடுவான் என்று நினைத்தார். எண்ணை எழுதினார். சிக்னல் கொடுத்தார். டைரியில் அந்தப் பக்கம் இருந்தது: '4.20, கேட் 29, பி.நம்பர் 86. கூட்ஸ் சென்றது 4.23.'

அடுத்த பக்கம், நவம்பர் 9, புதன்: 'கேட் 29 அருகே அடையாளம் தெரியாத பெண் சடலம், விறகுக் கட்டுடன். மூடிய கேட்டுக்கு அடியில் நுழைந்து வந்ததாக கேட்மேன் வாக்குமூலம். ஸ்டேஷன் பதிவேடு சரிபார்க்கப்பட்டது. சரியாக உள்ளது.'

இரண்டு பக்கமும் அவர் கையெழுத்துதான். தேதி சரி, நேரம் சரி. இரண்டையும் சேர்த்து அவர் ஒரு கோடு இழுக்கவில்லை, அவ்வளவுதான். அதன்பிறகு, அவருக்கு மாற்றல் வரும்வரை, ஒன்பது வருஷம் அவரும் சம்பந்தமும் அதே போனில் பேசினார்கள். வீரராகவன் மகள் கல்யாணத்துக்குச் சம்பந்தம் ஒரு மூட்டை அரிசி கொண்டுவந்து இறக்கினார். அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

தாட்சாயிணி கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பொண்ணு கேட்டதுக்கு என்ன சொல்லப் போறீங்க?" என்றாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று அவர் என்றைக்கும் கேட்டதில்லை.

இரவு முழுக்க அவருக்கு அந்த யோசனை ஒன்றுதான். மறுத்துப் பேசாதீர்கள் என்கிறார் டாக்டர். இவர் மறுக்காமல் எண்ணை வாங்கிக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும், கேட் திறந்திருக்கிறது என்பது சம்பந்தத்துக்குத் தெரிகிறது. அதனால்தான் ஓடுகிறான். மறுத்தால், ஏன் மறுக்கிறோம் என்று சொல்லியாக வேண்டும். அதை எழிலரசியும் கேட்பாள். அப்பாவைப் பற்றி அவளிடம் மிச்சம் இருப்பது நல்ல பெயர் ஒன்றுதான். வீரராகவனிடம் இருப்பதும் அதுதான்.

22ஆம் தேதி, சனிக்கிழமை, பத்து முப்பத்தெட்டு.

"எழிலரசி, வெளிக்கேட்டை நல்லாத் திறந்து வெச்சுடு. நீ தெருப்பக்கம் நில்லு. போனை ஸ்பீக்கர்ல போடு. நீயும் கேக்கணும்."

"சரி சார்."

பத்து நாற்பது.

"இருபத்தொன்பதா? வண்டி வருது. கேட் போடு."

"எண்பத்தாறு சார்."

"அந்த நம்பர் வேணாம் சம்பந்தம்."

தூரத்தில் அண்ணனூர் ஷெட்டிலிருந்து ஒரு ஹாரன்.

"நீ இன்னும் கேட் போடல. எனக்குத் தெரியும். அன்னைக்கும் எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எழுதிக்கிட்டேன். தப்பு உன்னுது மட்டும் இல்ல. இப்ப நான் வாங்கிக்க மாட்டேன். வண்டிய நிறுத்தி வெச்சிருக்கேன், எவ்வளவு நேரம் ஆனாலும் விட மாட்டேன். நீ போய் மெதுவா கேட்டைப் போட்டுட்டு வா. நான் லைன்லதான் இருக்கேன்."

எதிர்முனையில் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தது கேட்டது. அது சம்பந்தம் இல்லை.

செருப்புச் சத்தம். கிறீச். சங்கிலி. வீரராகவன் கடிகாரத்தைப் பார்த்தார். ஐம்பத்து நான்கு விநாடி.

"போட்டாச்சு சார். முப்பத்தொண்ணு."

முப்பத்தொன்று பட்டியலில் இருக்கிறது. வீரராகவன் எழுதினார். முடிந்தது என்றுதான் நினைத்தார்.

"சார்."

"சொல்லு."

"கேட்டு போட்டேன் சார். ஆனா அந்தம்மா உள்ளாரதான் நின்னுகினு கீது."

"யாரு?"

"வெறகுக் கட்டு வெச்சிகினு கீதே சார், அந்தம்மா. நவுரச் சொன்னா நவுரல."

மறுத்துப் பேசாதீர்கள். "வண்டி நிக்குது சம்பந்தம்" என்றார், மெதுவாக. "அவசரம் இல்ல. அவங்க போகட்டும். போனதும் சொல்லு, அப்புறம்தான் சிக்னல் கொடுப்பேன்."

"சரி சார். நான் பாத்துக்கறேன்."

பத்து நிமிஷம் கழித்துக் கேட்டார். இன்னும் போகவில்லை. மத்தியானம் கேட்டார். போகவில்லை.

சம்பந்தம் அதன்பிறகு தண்டவாளத்துப் பக்கம் ஓடவே இல்லை. வீட்டுக் கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். எழிலரசி அங்கேயே தட்டைக் கொண்டுபோய் ஊட்டுகிறாள். தினமும் போனை எடுத்து, "அப்பாகிட்ட தரேன்" என்று மட்டும் சொல்கிறாள். வேறு எதுவும் சொல்வதில்லை, கேட்பதும் இல்லை. சார் என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

2025 மே 3, சனிக்கிழமை. பத்து நாற்பது.

"இருபத்தொன்பதா? கேட் போட்டாச்சா?"

"போட்டாச்சு சார். அறுபத்திரண்டு."

"அவங்க போயிட்டாங்களா?"

சம்பந்தம் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு யாரையோ பார்ப்பது போல இருந்தது.

"இன்னும் இல்ல சார். ஸ்டேஷன் எந்தப் பக்கம்னு கேக்குது."

வீரராகவன் போனை வைத்தார். நோட்டில் நேரத்தை எழுதினார், எண்ணை எழுதினார். மூன்றாவது பத்தியில், வண்டி கடந்த நேரத்துக்குக் கீழே, அன்றையதோடு எழுபத்தொரு கட்டங்கள் காலி. பிறகு எழுந்து போய் வாசல் கதவு தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்தார்.