எட்டாவது தடவை திறந்த பூட்டு

காலையில் ஸ்டெல்லாவின் தம்பி போன் செய்தான். "அக்கா போயிட்டா அண்ணாச்சி." கையிலிருந்த டம்ளரைச் சுவரில் வீசியடித்தேன். சாகிற வயதா அது? பெருமாநல்லூர் சாயப்பட்டறையில் எங்களோடு வேலை பார்த்தவர்களே, அவள் மண்டை உடைந்தது உங்களுக்குத் தெரியும். தெரியாததும் ஒன்று உண்டு.

சாயத் தொட்டிகளை இயக்கும் எங்கள் கம்ப்யூட்டர் எழுந்ததும் மற்ற புரோகிராம்களை வரிசையாக எழுப்பிவிட ஒரு தலைமைப் புரோகிராம் இருந்தது. புது மெஷின் வந்தால் அதற்கென்று ஒரு சின்னப் புரோகிராம் எழுதி அதில் சேர்ப்பாள் ஸ்டெல்லா. சூடு ஆறும்வரை தொட்டி மூடியைத் திறக்கவிடாத பூட்டும் அப்படி ஒன்றில்தான் ஓடியது. நாசரேத் பக்கத்துப் பெண்; வேலையில் கெட்டி.

ஆயுத பூஜைக்கு மறுநாள் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் ஓடியது, அணைந்த கம்ப்யூட்டர் எழுந்தது. அடுத்த நொடி, கொதிக்கும் தொட்டியின் மூடி பிய்த்துக்கொண்டு திறந்து, சிவப்புச் சாயத் தண்ணீர் ஹெல்பர் முருகேசன் மேல் கொட்டியது. தூக்கியவர்கள் கையோடு அவன் தோல் வந்தது.

"இந்த இந்திக்காரந்தானுங்க தெறந்தான்" என்றது ஒரு குரல். ஆபரேட்டர் சுனிலைத் தூணில் கட்டி, இரும்புக் குழாயால் அடித்தார்கள். தான் தொடவேயில்லை என்று அவன் இந்தியில் கதறியது யார் காதிலும் ஏறவில்லை. குறுக்கே பாய்ந்த ஸ்டெல்லாவின் நெற்றியில் அடுத்த அடி விழுந்தது.

"ஒரு மணி நேரம் தாங்க. அதுவரைக்கும் அவன் மேல ஒருத்தன் கை வைக்கக் கூடாது" என்றாள்.

"சரிங்கம்மா. அப்புறம் எங்களக் கேக்கக் கூடாதுங்க" என்றார் மேனேஜர். கொலை செய்யப்போகும்போதும் எங்கள் ஊர் மரியாதை குறையாது.

துப்பட்டாவை நெற்றியில் அழுத்திக்கொண்டு, இன்னொரு தொட்டியில் வெந்நீர் ஏற்றி, எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னாள். கம்ப்யூட்டரை அணைத்து அணைத்து எழுப்பினாள். ஏழு தடவை ஒன்றும் நடக்கவில்லை. குழாய்கள் மறுபடி கைக்கு வந்தன. எட்டாவது தடவை, யாரும் தொடாமலே பூட்டு 'டக்'கென்று திறந்தது.

சூட்டை அளக்கும் புரோகிராம் எழுந்து அளவு சொல்லத் தொடங்கும் முன்பே, பூட்டின் புரோகிராம் அவசரப்பட்டுச் சூடு எவ்வளவு என்று கேட்டிருக்கிறது. பதில் வராததைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு, தொட்டி ஆறிவிட்டதாகத் திறந்திருக்கிறது.

"நான் எழுதினதுதான். தப்பு என்னோடது" என்றாள். சுனிலை அவிழ்த்தார்கள். அன்றே அவளுக்கு வேலை போனது.

யூபிஎஸ்ஸில் இருந்திருந்தால் கம்ப்யூட்டர் அணைந்தே இருக்காது. பூஜைக்குச் சீரியல் லைட் போட, கம்ப்யூட்டரின் பிளக்கை யூபிஎஸ்ஸிலிருந்து பிடுங்கிச் சுவரில் மாட்டியவன் நான். திருப்பி மாட்ட மறந்துவிட்டேன். அவள் அதைப் பார்த்திருந்தாள். ஏன் சொல்லவில்லை என்று, அவள் வெளியேறும்போது பட்டறை வாசலில் வைத்துக் கேட்டேன்.

"பிளக்க மாத்தினது நீங்க, தப்பா எழுதினது நான், அடி வாங்கினது அவன். என் பங்க நான் சொல்லிட்டேன் அண்ணாச்சி."

அவளிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது அந்தச் சொல்தான். இன்று என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். பிளக்கோடு முடியவில்லை. சுனிலைத் தூணில் கட்டிய கயிற்றுக்கு முடிச்சுப் போட்டவனும் நான்தான்.