நூல் ஆடட்டும்

பட்டறை வாசலில், கணுக்கால் உயரத்தில் ஒரு முனையை மட்டும் கட்டித் தொங்கவிட்ட தையல் நூலைக் குத்துக்காலிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார் தச்சர். பக்கத்தில் மூடி திறக்காத பசை டப்பா. நூல் அசையவில்லை. அவரும் அசையவில்லை.

"நாளைக்குக் கடை திறப்புங்க! மேசைக்கு மைக்கா ஒட்டுவீங்களா, நூலையே பாத்துக்கிட்டிருப்பீங்களா?" என்றார் கடைக்காரர்.

"உள்ள பேத்தி தூங்குறாண்ணே. காத்து வெளிய இழுக்கலன்னா பசை நெடியெல்லாம் அவகிட்டதான் போகும்."

"வேற ஆளப் பாத்துக்கறேன்."

"பாருங்க. அந்த ஆளுக்கு ஜன்னல் இருக்கான்னும் பாத்துக்கங்க."

கடைக்காரர் முணுமுணுத்தபடி பின்பக்கத் தெருவில் போய் நின்றார்.

வீட்டின் பின்னறைதான் பட்டறை. முன்பு பதினெட்டு வருடம், சன்னல் இல்லாத ஒரு கூடத்தில் இதே பசையைத் தடவியதில் அவருக்கு மோப்பமே போய்விட்டது. "மூக்கு இப்ப கண்ணாடி மாட்ட மட்டுந்தான்" என்பார்.

முகமூடியின் வடிகட்டி தீர்ந்துவிட்டால் நமக்கு வாடை காட்டிக்கொடுக்கும், அவருக்குக் காட்டாது. அதனால் போட்டு உழைத்த ஒவ்வொரு மணிக்கும் அதன் விளிம்பில் பென்சில் கோடு. கோடுகள் நிறைந்தால் புதிது. டப்பாவைத் திறக்குமுன் அடுப்பை அணைப்பார். பசையின் ஆவி பற்றிக்கொள்ள ஒரு பொறி போதும் என்று, அடுத்த அறை ஃபிரிட்ஜின் பிளக்கையும் பிடுங்கிவிடுவார்.

"பால் திரிஞ்சா நீங்கதான் குடிக்கணும்" என்பார் மனைவி.

"வீடு இருந்தாத்தானடி பாலு!"

நான் மாடியில் குடியிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி, அதுவும் வேதியியல். இந்தப் பசையின் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும் என்று தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன். நூலைக் கணுக்கால் உயரத்தில் கட்ட வேண்டும் என்று எனக்குச் சத்தியமாகத் தோன்றியிருக்காது.

மூன்று மணிக்கு நூல் நடுங்கியது. பிறகு வெளிப்பக்கமாக விறைத்து நின்றது. கையுறை, முகமூடி, டப்பா. தெருவிலிருந்து எட்டிப் பார்த்த கடைக்காரர் சிகரெட்டைத் தாமாகவே பையில் போட்டுக்கொண்டார்.

வேலை முடித்து, குளித்து, சலவைச் சட்டையோடு முன்னறைக்கு வந்தார். விழித்திருந்த பேத்தி இரண்டு கைகளையும் தூக்கினாள். அவர் தம் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மனைவியின் முன் தலையைக் குனிந்தார்.

மனைவி அவர் முடியை முகர்ந்தார். "இன்னும் லேசா அடிக்குதுங்க."

குழந்தை வீறிட்டது. அவர் திரும்பிப் பார்க்காமல், சட்டையைக் கழற்றியபடியே மறுபடி குழாயடிக்குப் போனார்.