உமிப் பெட்டியும் ஏழு மணி நேரமும்

ஒழுகுகிற ஷெட்டை லேப் ஆக்கியவன் நான். செத்துப்போன ஃப்ரீசரை ஓடவைத்தவன் நான். ட்யூபைக் குலுக்குகிற வெளிநாட்டு ஷேக்கருக்குக் கிரைண்டர் பெல்ட் மாட்டியவனும் நான்தான். கடலூர்ப் பக்கம் குடிகாட்டில் எட்டாவதோடு நின்றவன், சிதம்பரத்தில் லேப் அட்டெண்டராக இருந்து டாக்டர் பட்டக்காரர்கள் கையைப் பிசைந்த வேலையை முடித்தேன்.

1. தப்பு ஜோடி

டி.என்.ஏ. இரண்டு இழை கொண்ட ஏணி. அதில் ஒரு படியில் மட்டும் வேண்டுமென்றே தப்பான ஜோடி வைப்போம். செல் அதை எப்படி ரிப்பேர் செய்கிறது என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. இரண்டு இழைகளையும் ட்யூபில் கலந்து, தொண்ணூற்றைந்து டிகிரிக்குச் சூடாக்கி, மெல்ல ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் சரியாகச் சேராது.

2008-இல் கரண்ட் கட். சூடாக்கி ஆறவைக்கிற மெஷின் பாதியில் நின்று, ஆராய்ச்சி மாணவி கயல்விழிக்கு நாலு தடவை வீணானது. நான் பரங்கிப்பேட்டையிலிருந்து தெர்மகோல் மீன் பெட்டி கொண்டுவந்து, உமி கொட்டி, நடுவில் கொதிநீர்க் குண்டானைப் புதைத்து, ட்யூபை மிதக்கவிட்டு மூடினேன்.

"மீன் நாத்தம் அடிக்குதுண்ணே."

"டி.என்.ஏ.வுக்கு மூக்கு இருக்குதாம்மா?"

சரியான ஜோடியை மட்டும் வெட்டுகிற என்சைமை மறுநாள் போட்டுப் பார்த்தோம். வெட்டவில்லை. தப்பு ஜோடி உள்ளே உட்கார்ந்துவிட்டது.

2. ரெண்டு மணி நேரம்

அட்டெண்டர் செய்ததை நோட்டில் ஏற்றுகிற வழக்கம் எங்கள் லேபில் கிடையாது. பேப்பர் எழுதும்போது பேராசிரியர் கேட்டார்: "எவ்ளோ நேரம் ஆற வச்சீங்க?"

"ரெண்டு மணி நேரம் சார்," என்றாள் கயல்விழி. அது ஒரு தடவையும் முடிக்காமல் நின்றுபோன மெஷினின் கணக்கு. பெட்டியை மூடுவதும் திறப்பதும் நான்தான், அவளுக்குத் தெரியாது.

"சார், பதினோரு மணிக்கு மூடுனா ஆறு மணிக்குத்தான் தொறப்பேன். ஏழு மணி நேரம்."

"கோவிந்தசாமி, நீங்க பீக்கரைக் கழுவுங்க."

கழுவினேன். ரெண்டு மணி என்றே அச்சானது.

3. போன்

நான் ரிடையர் ஆனதும் பெட்டியைக் குப்பையில் போட்டார்கள். பிறகு வெளி லேப்களிலிருந்து ஒவ்வொன்றாகக் கடிதம் வந்தது: எழுதியபடி ரெண்டு மணி நேரம் ஆறவைத்தோம், இழைகள் சேரவில்லை.

2012-இல் கயல்விழி போன் செய்தாள். "நான் ரிசல்ட்டை ஜோடிச்சேன்னு பேசறாங்கண்ணே. கெடைக்க இருந்த வேலையும் போச்சி."

"ஏழு மணின்னு சொல்லும்மா."

"இப்ப சொன்னா யாரு நம்புவா? நோட்டுல இல்லியே."

கடலூரிலிருந்து மூன்று தடவை பஸ் ஏறிப் போய்ப் பேராசிரியரைப் பார்த்தேன். "அந்தப் பேப்பரை எல்லாரும் மறந்துட்டாங்க, விடுங்க," என்றார். அவள் மேல் விழுந்த பழியை யாரும் மறக்கவில்லை. பீக்கர் கழுவிய அந்த நாள் எனக்கும் மறக்கவில்லை.

லேபுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: யார் கை செய்ததோ, அந்தப் பெயரையும் நேரத்தையும் அன்றைக்கே நோட்டில் எழுதுங்கள்.

பேராசிரியருக்கும் சொல்கிறேன்: அந்தப் பேப்பருக்குத் திருத்தம் போடுங்கள். மீன் பெட்டி, உமி, ஏழு மணி நேரம், செய்தவர் கோவிந்தசாமி. என் பெயரை விட்டுவிட்டு அந்த வரியை எழுத முடியாது. அந்த ஏழு மணி நேரத்துக்கு வேறு சாட்சி கிடையாது.